முதல் டிராக் டே: இருங்காட்டுக்கோட்டை, ஒரு ஆர்சி 390, ஒரு ஸ்விஃப்ட். என்னென்ன பார்க்கணும்?

மேடவாக்கம்390

அடுத்த மாசம் சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல ஒரு டிராக் டேக்கு (சொந்த வண்டியை டிராக்ல ஓட்டிப் பார்க்கிற நாள்) பணம் கட்டியாச்சு. என்னோடது கேடிஎம் ஆர்சி 390 பைக், 11,000 கிமீ ஓடியிருக்கு. கம்பெனி டயர்தான், பட்டன் பாதிக்கு மேல இருக்கு. மச்சான் அவனோட ஸ்விஃப்ட்டைக் கொண்டு வர்றான். ரெண்டு பேருக்கும் முதல் தடவை. லேப் டைம் (ஒரு சுத்துக்கு ஆகிற நேரம்) பத்திக் கவலை இல்லை, ஆளும் வண்டியும் முழுசா வீடு திரும்பணும்.

மெஷ் ஜாக்கெட் போதுமா? டயர்ல காத்து எவ்வளவு? கூலன்ட்டை இறக்கிட்டுத் தண்ணி ஊத்தச் சொல்றாங்களே, எதுக்கு? டிராக்ல காட்டுற கொடி எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா? விழுந்தா என்ன செய்யணும்? காருக்குத் தனியா ஏதாவது உண்டா?

பன்னெண்டாம்நம்பர்_ஸ்பேனர்

வண்டிப் பக்கத்தை மட்டும் நான் சொல்றேன். ஓட்டுறதை வேற யாராவது எழுதுங்க.

முதல்ல பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழ கொதிக்கக் கூடாதுங்கிறது தரக்கணக்கு. ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்தாலே அந்தக் கணக்கு 155க்கு இறங்கிடும். சென்னைக் காத்துல ரெண்டு வருஷம் கிடந்த ஆயில்னா யோசிக்கவே வேண்டாம், மாத்திடுங்க. ரோட்டுல இது தெரியவே தெரியாது. டிராக்ல நாலஞ்சு லேப் போனதும் காலிப்பருக்குள்ள (பேடை டிஸ்க் மேல அமுக்குற பாகம்) ஆயில் கொதிச்சுக் குமிழ் விடும், லீவர் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி ஹேண்டில்பார் வரைக்கும் வந்துடும். அதுவும் நேர்ரோட்டுக் கடைசியில, வேகம் உச்சத்துல இருக்கும்போதுதான் வரும். டாட் 5.1 ஊத்தினாலும் சரி, அது 260. வெறும் டாட் 5 சிலிக்கான் ஆயில், அதை இந்த வண்டியில ஊத்தவே கூடாது.

பிரேக் பேட் பாதிக்குக் கீழ தேஞ்சிருந்தா புதுசு போடுங்க. ஆனா முந்தின நாள் ராத்திரி போட்டுட்டு வராதீங்க. புது பேட் டிஸ்க்கோட முழுசா உட்கார 150–200 கிமீ ரோட்டு ஓட்டம் வேணும்.

டயர் காத்து: ஸ்டிக்கர்ல ஒரு ஆளுக்குப் போட்டிருக்கிற அளவுல இருந்து 2 பிஎஸ்ஐ குறைச்சு, டயர் குளிர்ந்திருக்கும்போது வைங்க. முதல் தடவைக்கு அதுக்கு மேல குறைக்க வேண்டாம். யாராவது வந்து “இன்னும் அஞ்சு இறக்குங்க பாஸ், அட்டை மாதிரி ஒட்டும்”னு சொல்லுவாங்க. அவங்க ரேஸ் டயருக்குச் சொல்ற கணக்கு அது. ரோட்டு டயர்ல அவ்வளவு இறக்கினா பக்கச் சுவர் நெளிஞ்சு சூடு அதிகமாகும், வளைவுல வண்டி பாய்மரம் மாதிரி ஆடும். பிட்டுக்குள்ள (டிராக் ஓரத்துல வண்டி நிறுத்துற இடம்) வந்ததும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள அளந்து குறிச்சுக்குங்க. முன்னாடி 3, பின்னாடி 5–6 ஏறியிருந்தா சரி. அதைத் தாண்டி ஏறியிருந்தா நீங்க ஆரம்பிச்சதே கம்மி, அடுத்த தடவை டயர் குளிர்ந்ததும் ஒண்ணு கூட்டுங்க. வீட்டுக்குக் கிளம்பும்போது ரோட்டு அளவுக்கு ஏத்த மறந்துடாதீங்க.

செயின் டைட்டா இருக்கக் கூடாது. சக்கரத்தைச் சுத்தி மூணு இடத்துல பாருங்க, எங்க ரொம்ப டைட்டோ அங்கதான் கையேட்டு அளவு வரணும். லூஸ் இடத்துல அளந்து வச்சா, வளைவுல சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் கம்பியா இழுத்துக்கும். அறுந்தா இன்ஜின் கேஸைப் பிளக்கும், அறுகலைன்னா கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்ட் பேரிங் போகும்.

கண்ணாடி, நம்பர் பிளேட், மொபைல் ஹோல்டர், டேங்க் பேக் எல்லாம் கழட்டிடுங்க. ஹெட்லைட், இண்டிகேட்டர் மேல குறுக்கும் நெடுக்குமா டேப். உடைஞ்சாலும் துண்டு டிராக்ல சிதறாது. ஹெட்லைட் கனெக்டரைப் பிடுங்கிட்டு டேப் ஒட்டுங்க. ரிம்ல ஒட்டியிருக்கிற பேலன்ஸ் ஈயத்துக்கு மேலயும் ஒரு டேப். இன்ஜின் ஆயில் இறக்குற போல்ட், ஆயில் ஃபில்டர் மூடி போல்ட், காலிப்பர் போல்ட், பின் ஆக்சில் நட்டு, இத்தனையையும் டார்க் ரென்ச்ல (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்) கையேட்டு அளவுக்கு இறுக்கி, போல்ட் தலையில இருந்து பக்கத்து அலுமினியம் வரைக்கும் பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு. ஒவ்வொரு செஷன் முடிஞ்சதும் குனிஞ்சு பாருங்க. கோடு உடைஞ்சிருந்தா போல்ட் நகர்ந்திருக்கு.

கூலன்ட் விஷயம்: அதுல இருக்கிறது எத்திலீன் கிளைக்கால். ரேடியேட்டர் உடைஞ்சு அது தாரோட்டுல விழுந்தா எண்ணெய் மாதிரி வழுக்கும், சீக்கிரத்துல காயவும் காயாது. தண்ணின்னா அந்த வெயிலுக்குச் சில நிமிஷத்துல ஆவியாப் போயிடும். நீங்க விழுற இடத்துல பின்னாடி வர்றவன் விழக் கூடாதுங்கிறதுக்காகத்தான் இது. டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, துருத் தடுப்பு சேர்மானம் கிடைச்சா கலந்துக்குங்க. திரும்பி வந்த வாரத்துக்குள்ள கூலன்ட்டை மறுபடி ஊத்திடணும், இல்லேன்னா தண்ணி அலுமினியத்தையும் வாட்டர் பம்ப்பையும் அரிக்கும்.

சும்மாதான்_கேக்கறேன்

கூலன்ட் மாத்துறது ரேஸ் வண்டிக்குங்க. ஷோரூம் வண்டிக்கு நிறைய டிராக் டேயில கேட்கிறதே இல்ல. வேலையை ஏன் கூட்டணும்?

பன்னெண்டாம்நம்பர்_ஸ்பேனர்

கேட்கலைன்னா கட்டாயம் இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். மொத்தமே ஒரு மணி நேர வேலை. எப்படியும் கேட்டுக்கிட்டு முடிவு பண்ணுங்க, நடத்துறவங்க விதியில இருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.

மஞ்சக்கொடி

இனி டிராக் மேல நடக்கிறது.

கொடி மனப்பாடமா இருக்கணும். யோசிச்சு ஞாபகம் வர்றது போதாது, ஏன்னா 120ல போகும்போது ஒரு செகண்டுக்கு 33 மீட்டர் போயிடுறீங்க.

மஞ்சள்: முன்னாடி ஆபத்து. வேகத்தைக் குறைக்கணும், முந்தக் கூடாது. ரெண்டு மஞ்சள் சேர்ந்து ஆடினா டிராக் பாதி அல்லது முழுசா அடைபட்டிருக்கு, நிக்கத் தயாரா வரணும். மஞ்சள்ல சிவப்புப் பட்டை: முன்னாடி எண்ணெயோ மண்ணோ தண்ணியோ கிடக்கு, வழுக்கும். நீலம்: பின்னாடி வேகமானவன் வர்றான். இதுக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், உங்க பாதையிலயே போங்க, அவன் பார்த்துப்பான். வழி விடுறேன்னு சட்டுனு ஒதுங்குறவங்கதான் இடி வாங்குறாங்க. கறுப்பு உங்களைக் காட்டி: உள்ள வாங்க. கறுப்புல ஆரஞ்சு வட்டம்: உங்க வண்டியில ஏதோ ஒழுகுது இல்லேன்னா தொங்குது. சிவப்பு: செஷன் நிறுத்தம். இங்கதான் புதுசா வர்றவங்க தப்பு பண்றாங்க, சிவப்பைப் பார்த்ததும் பிரேக்கை அமுக்கிடுவாங்க, பின்னாடி வர்றவன் கொடியை இன்னும் பார்த்திருக்க மாட்டான். கையைத் தூக்கிக் காட்டி, வேகத்தை மெதுவா இறக்கி, பிட்டுக்கு வாங்க. கட்டம் போட்ட கொடி விழுந்ததும் ரேஸ் ஜெயிச்ச மாதிரி எழுந்து உட்காராதீங்க, அது செஷன் முடிஞ்சதுக்கு அடையாளம். ஒரு லேப் பிரேக் அதிகம் போடாம ஓட்டி டிஸ்க்கை ஆத்திட்டு வாங்க.

இந்த டிராக் 3.7 கிமீ, 12 திருப்பம். காலையில பார்வை லேப் கூட்டிப் போகும்போது எல்லாரும் திருப்பத்தைப் பார்ப்பாங்க. நீங்க மார்ஷல் (கொடி காட்டுறவர்) நிக்கிற இடங்களை எண்ணுங்க. ஒவ்வொரு திருப்பம் முடிஞ்சு வண்டி நிமிரும்போது அடுத்த மார்ஷலைக் கண் ஒரு தடவை தொட்டுட்டு வரணும். இதைப் பழக்கமா வச்சுக்கிட்டா கொடி தப்பாது.

ஓடுற திசை கடிகாரச் சுற்று, அதனால வலது பக்கம் சாயறதுதான் அதிகம். டயரோட வலது தோள் சூடா இருக்கும், இடது தோள் ஆறியே கிடக்கும். வரிசையா வலது வளைவு எடுத்துட்டு, அதே நம்பிக்கையில இடதுல சாஞ்சா சறுக்கும். விழுறவங்களைக் கேட்டா “டயர் சூடாத்தானே இருந்துச்சு”ம்பாங்க. இருந்தது, அந்தப் பக்கம் இல்லை. ஒவ்வொரு செஷன்லயும் முதல் ரெண்டு லேப் சும்மா சுத்துங்க, இடது வளைவுல இன்னொரு லேப் கூடப் பொறுமையா இருங்க.

முந்துறது: புதியவர் குழுவுல நேர்ரோட்டுல மட்டும்தான் முந்த விடுவாங்க, இடைவெளி எவ்வளவுங்கிறதைக் காலைக் கூட்டத்துல சொல்லுவாங்க. பொறுப்பு முழுக்க முந்துறவனுக்கு. முன்னாடி போறவன் திரும்பிப் பார்க்கவே கூடாது. பிட்டுக்குள்ள திரும்புறதுக்கு முந்தின திருப்பத்துலயே கையைத் தூக்குங்க. வெளிய வரும்போது வெள்ளைக் கோடு முடியற வரைக்கும் அதைத் தாண்டாதீங்க, அந்த நேரம் மெயின் ஸ்ட்ரெய்ட்ல ஒருத்தன் முழு வேகத்துல வந்துக்கிட்டிருப்பான்.

வளைவுல அகண்டு போய்ப் புல்லுல இறங்கிட்டா: வண்டியை நிமிர்த்திடுங்க, முன் பிரேக்கை விட்டுடுங்க, ஆக்சிலரேட்டரை மூடி, பின் பிரேக்கைத் தொட்ட மாதிரி வச்சு நேரா போய் வேகம் செத்த பிறகு நில்லுங்க. டிராக்குக்குத் திரும்பணும்னு அங்கேயே ஹேண்டிலை இழுத்தா, தாரோட்டு விளிம்புல டயர் ஏறும்போது பிடிப்பு திடீர்னு வந்து குறுக்க தூக்கி எறியும். மறுபடி ஏறும்போது மார்ஷலைப் பாருங்க, அவர் கை காட்டினா ஏறுங்க.

நேர்ரோட்டுல ஹேண்டில் வெடவெடன்னு ஆடினாலோ, ஓரக்கல்லு மேல ஏறி இறங்கினாலோ, பேட் டிஸ்க்கை விட்டு விலகியிருக்கும். முதல் பிரேக் வெறுமையாப் போகும். பிரேக் போடுற இடம் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு விரலால லீவரை லேசா ஒரு தட்டு தட்டிப் பார்த்துக்குங்க.

விழுந்தா வண்டியை விட்டுடுங்க. பிடிச்சுக்கிட்டுப் போனா அது உங்களைப் புரட்டும். கையைக் காலை ஊன்றி நிறுத்தப் பார்க்காதீங்க, மல்லாக்க, கை உடம்போட சேர்த்துச் சறுக்குங்க. நின்னுட்ட மாதிரித் தோணும்போது இன்னும் 30ல போய்க்கிட்டிருப்பீங்க, அப்ப எழுந்து நடக்கப் பார்த்துத்தான் கணுக்காலை உடைச்சுக்கிறாங்க. மனசுக்குள்ள மூணு எண்ணிட்டு, ரெண்டு பக்கமும் பார்த்து, தடுப்புக்குப் பின்னாடி போங்க. வண்டியைத் தூக்க நடு டிராக்குக்குத் திரும்பிப் போகாதீங்க. கழுத்தோ முதுகோ வலிச்சா படுத்தே இருங்க, ஹெல்மெட்டை நீங்களும் கழட்டாதீங்க, கூட்டாளியையும் கழட்ட விடாதீங்க.

வண்டியில புகை, ஈரம், புது சத்தம் எது வந்தாலும் எல்லாரும் ஓட்டுற பாதையை விட்டு விலகிப் புல்லோரமா நிறுத்துங்க. எப்படியாவது பிட்டுக்குக் கொண்டு போயிடலாம்னு ஒரு லேப் சுத்தி வந்தா, டிராக் முழுக்க எண்ணெய்க் கோடு போட்டு வச்சிருப்பீங்க. அதுக்கப்புறம் சுண்ணாம்பு, சிமென்ட் தூள் தூவித் துடைச்சு எடுக்கிறதுக்குள்ள எல்லாரோட செஷனும் போச்சு.

ஏபிஎஸ் சூப்பர்மோட்டோ மோடுல போடாதீங்க, அது பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைச்சிடும். ரோடு மோடுலயே விடுங்க.

கவசகுண்டலம்

மெஷ் ஜாக்கெட் போதாது. பாலியஸ்டர் உராய்வுச் சூட்டுல உருகி தோலோட ஒட்டும், மெஷ்ஷா இருந்தா இன்னும் சீக்கிரம் கிழியும். லெதர் ஒன் பீஸ், இல்லேன்னா இடுப்பைச் சுத்தி முழுசா ஜிப் சேர்ற டூ பீஸ். ரெண்டு இஞ்ச் ஜிப் பின்பக்கம் மட்டும் இருக்கிறதை வாங்காதீங்க, சறுக்கும்போது மேல ஏறிக்கும். சூட்டை வாடகைக்குக் கொடுக்கிறவங்க இருக்காங்க, ஆனா போட்டுப் பார்க்காம எடுக்காதீங்க. முழங்கை, முழங்கால் கவசம் உட்கார்ந்த நிலையில சரியான இடத்துல இருக்கணும்.

முதுகுக் கவசம் ஈஎன் 1621-2 லெவல் 2 குறி போட்டதா பாருங்க. ஜாக்கெட்டோட வர்ற பஞ்சு கணக்கில்லை. கையுறை மணிக்கட்டைத் தாண்டி, கட்டுற பட்டையோட. பூட்ஸ் கணுக்காலுக்கு மேல.

ஹெல்மெட் முழு முகம், டபுள் டி ரிங் (ரெண்டு வளையத்துல பட்டையைக் கோத்து இறுக்குறது). ஈசிஇ 22.06 இருந்தா நல்லது. ஐஎஸ்ஐ குறி இங்க ரோட்டுக்குச் சட்டம். ஒரு தடவை நல்லா அடிபட்ட ஹெல்மெட்டை, வெளிய கீறல்கூட இல்லைன்னாலும், போடாதீங்க. உள்ள இருக்கிற தெர்மாகோல் ஒரு தடவைதான் நசுங்கும். மோதிரம், காப்பு, கழுத்துச் செயின் எல்லாம் வீட்டுல.

செட்டிபாளையத்துக்காரன்

ஸ்விஃப்ட்டுக்குச் சொல்றனுங்க. பைக்கும் காரும் ஒரே செஷன்ல விட மாட்டாங்க, அதைப் பத்திப் பயம் வேண்டாம்.

காருக்குள்ள அவிழ்ந்து கிடக்கிற எதுவும் இருக்கக் கூடாது. ஜாக்கி, ஸ்டெப்னி, தண்ணி பாட்டில், டேஷ்போர்டுப் பிள்ளையார் எல்லாத்தையும் பிட்டுலயே இறக்கிடுங்க. முக்கியமா டிரைவர் பக்கத்து ஃப்ளோர் மேட். அது முன்னாடி நகர்ந்து பிரேக் பெடலுக்கு அடியில போய்ச் சொருகிக்கும். டோ ஹூக்கை (கயிறு மாட்டி இழுக்கிற கொக்கி) முன்னாடியே திருகி வச்சிடுங்க, வண்டி மண்ணுல மாட்டினப்புறம் டிக்கியில தேட முடியாது.

வீல் நட்டை டார்க் ரென்ச்ல, கையேட்டு அளவுல இறுக்கணும். முதல் செஷன் முடிஞ்சு சக்கரம் ஆறினப்புறம் இன்னொரு தடவை பாருங்க. இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்ல மேல் கோட்டுல இருக்கணும், அதைத் தாண்டக் கூடாது. நீளமான வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி, பம்ப் காத்தை உறிஞ்சுச்சுன்னா பேரிங் போயிடும். பெட்ரோல் பாதிக்கு மேல வச்சுக்கங்க, காரணம் அதேதான். பேட்டரி கிளாம்ப்பை ஆட்டிப் பாருங்க.

வலது வளைவு அதிகங்கிறதால முன் இடது டயர்தான் பெரும்பாடு படும். காத்து ஏறுறதும் அதுலதான். நாலையும் தனித்தனியா அளந்து எழுதுங்க. கார்ல ஒவ்வொரு செஷனுக்கும் நடுவுல அந்த முன் இடது டயரோட தோளைக் கையால தடவிப் பார்க்கோணும், துணி இழை தெரிய ஆரம்பிச்சா அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது.

ஈஎஸ்பி (வண்டி சறுக்கினா தானாத் திருத்துற வசதி) இருந்தா ஆஃப் பண்ண வேண்டாம். ஜன்னல் கண்ணாடி ரெண்டையும் இறக்கி வைங்க, ஏசி ஆஃப். முழுக்கைக் காட்டன் சட்டை, ஜீன்ஸ், மெல்லிய அடியுள்ள ஷூ. நைலான் டி ஷர்ட் தீப்பிடிச்சா ஒட்டும். ஹெல்மெட் கட்டாயம். பக்கத்து சீட்டுல யாரையும் ஏத்தாதீங்க, இன்னொரு அறுபது எழுபது கிலோ பிரேக்குக்குச் சுமை, அவரோட உயிர் வேற.

பிட்டுல வந்து நின்னதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாதுங்க. சூட்டுல அப்படியே பிடிச்சுக்கும். முதல் கியர்ல போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைங்க. வளைவுல பயந்து ஆக்சிலரேட்டரைப் பட்டுனு விட்டா பின்பக்கம் லேசாகி வால் சுத்தும், முன் சக்கர இழுவை வண்டிகள்ல இதுதான் அடிக்கடி நடக்குறது. வேகம் அதிகமாயிடுச்சுன்னு தெரிஞ்சா ஸ்டியரிங்கை நேராக்கிட்டு பிரேக் போடுங்க, புல்லுல போனாலும் பரவாயில்லை. மருதமலை, ஊட்டி ரோட்டுல ஓட்டின பழக்கத்தை இங்க கொண்டு வராதீங்க.

இங்க எங்க கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி டிராக் ரெண்டு கிமீ சொச்சம்தான். திருப்பம் அடுத்தடுத்து வர்றதால பிரேக் ஆறவே நேரம் இருக்காது. சென்னையில நேர்ரோடு நீளம், அதனால வேகம் கூடும். ரெண்டுக்கும் வேற வேற கணக்கு.

மேடவாக்கம்390

எல்லாருக்கும் நன்றி. இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்? சாயங்காலம் அதே வண்டியில மேடவாக்கம் திரும்பிடலாமா?

பொடிஎழுத்து

மோட்டார் பாலிசியில “பயன்பாட்டு வரம்பு”ன்னு ஒரு பத்தி இருக்கும். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை, பேஸ் மேக்கிங் இதெல்லாம் கவர் கிடையாதுன்னு வெளிப்படையா எழுதியிருக்கும். டிராக் டே பந்தயம் இல்லைன்னு வாதாடலாம், ஆனா வண்டிக்குச் சேதம் வந்தா உங்க கைக்காசுன்னு வச்சுக்கிட்டே போங்க. உடல் மருத்துவத்துக்கு, ஹெல்த் பாலிசியில இருக்கிற ஆபத்தான விளையாட்டு விலக்கு தொழில்முறையா கலந்துக்கிறவங்களுக்குன்னு எழுதியிருக்கா, எல்லாருக்கும்னு எழுதியிருக்கான்னு அந்த வரியை வாசிச்சுப் பாருங்க. மெயில்ல கம்பெனிக்கு எழுதிப் பதிலைக் கையில வச்சுக்குங்க, போன்ல சொன்னது எடுபடாது.

நடத்துறவங்களைக் கேட்க வேண்டியது: ஆம்புலன்ஸ் எத்தனை, டாக்டர் இருக்காரா, ஒரு ஆம்புலன்ஸ் நோயாளியைக் கூட்டிட்டு வெளிய போனா செஷன் நிறுத்துவீங்களா? இதுக்குத் தயக்கமில்லாம பதில் வரலைன்னா அந்த டேக்குப் போகாதீங்க.

மஞ்சக்கொடி

வண்டியில திரும்புறது நல்லதில்ல. காலைல இருந்து 20 நிமிஷம் 20 நிமிஷமா அஞ்சு செஷன் போனா கை, முன்தொடை எல்லாம் வெந்து போயிருக்கும், கண்ணுக்கு 80 கிமீ வேகமே நடக்கிற மாதிரித் தெரியும். அந்தக் கண்ணோட பெங்களூர் ஹைவேல லாரிக்கு நடுவுல சாயங்காலம் வராதீங்க. ஒருவேளை விழுந்து ஹேண்டில் வளைஞ்சிருந்தா ஓட்டவே முடியாது. ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஒரு குட்டியானை பேசிடுங்க. கட்டும்போது ஹேண்டில்பார்ல இறுக்காதீங்க, ஃபோர்க்கைப் பிடிச்சிருக்கிற கீழ் டிரிபிள் கிளாம்ப்ல பெல்ட் போடுங்க, ஃபோர்க் கால்வாசி அமுங்கினா போதும்.

இன்னொன்னு, தண்ணி. லெதருக்குள்ள வேர்வை எவ்வளவு போகுதுன்னு தெரியாது. செஷனுக்கு நடுவுல உப்புப் போட்ட மோர் இல்லேன்னா ஓஆர்எஸ் ஒரு டம்ளர், தாகம் எடுக்காட்டியும். மத்தியானம் பிரியாணி வேண்டாம், தயிர்சாதம் போதும். பிரேக் போடுற அடையாளப் பலகையை ஒரு தடவை தவற விட்டீங்கன்னா, கியர் எது போட்டோம்னு மறந்துச்சுன்னா, வேர்வை நின்னு குளிருற மாதிரி இருந்துச்சுன்னா, கையைத் தூக்கி உள்ள வந்துடுங்க. கடைசி செஷன் பாக்கி இருக்கேன்னு பார்க்காதீங்க. காசு கட்டின செஷன்தான், போனாப் போகட்டும்.